‘செக்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்கள்?

சட்டையில் செக், வங்கியில் செக், சதுரங்கத்தில் செக், மருத்துவரிடம் செக்கப்; இவற்றுக்குள் தொடர்பு உண்டா, தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று ஊகிக்கிறேன். மனப்பாடம் வேண்டாம், நீங்கள் சொன்ன நான்கும் சதுரங்கத்திலிருந்து கிளைத்தவைதான். ஓய்வுபெற்ற வங்கி ஊழியருக்குச் சொல்லாராய்ச்சி எதற்கு என்று கேட்கக் காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இவை என் கண்டுபிடிப்புகள் அல்ல, நல்ல ஆங்கில அகராதிகளில் உள்ளவையே.

இந்தக் கேள்வி என்னைச் சீண்டியதற்குக் காரணம் உண்டு. நான் பணியில் சேர்ந்த புதிதில் பயிற்சி வகுப்பு எடுத்த அதிகாரி ஒருவர், ‘கே’ என்ற எழுத்தில் முடியும் செக் வேறு, ‘கியூ, யூ, இ’ என்று முடியும் வங்கிச் செக் வேறு, இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, இரண்டையும் குழப்புபவன் ஆங்கிலம் அறியாதவன் என்று அடித்துச் சொன்னார். அமெரிக்கர்கள் காசோலையையும் ‘கே’ போட்டுத்தானே எழுதுகிறார்கள், இங்கிலாந்திலும் பழைய வடிவம் அதுதானே என்று கேட்டேன். “வேலை பார்க்க வந்தீர்களா, அகராதி படிக்க வந்தீர்களா?” என்றார், வகுப்பே சிரித்தது. பதவியில் பெரியவர் சொன்னால் அகராதியும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்ற அந்த வழக்கத்தின் மீதுள்ள ஆதங்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நம் நாட்டில் அவர் சொன்ன எழுத்துக்கூட்டையே எழுத வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டமும் அப்படித்தான் எழுதுகிறது. ‘உறவில்லை’ என்றதைத்தான் மறுக்கிறேன்.

பாரசீகத்தில் ‘ஷா’ என்றால் அரசன். எதிரியின் அரசனைத் தாக்கும்போது எச்சரிக்கையாகச் சொல்லப்பட்ட அந்தச் சொல், அரபு, லத்தீன், பழைய பிரெஞ்சு மொழிகளின் வழியே தேய்ந்து ஆங்கிலத்தில் ‘செக்’ ஆயிற்று. ‘செஸ்’ என்ற பெயரும் அதன் பன்மையிலிருந்து வந்ததே. அரசனுக்குச் செக் வைத்துவிட்டால், எதிராளி வேறு எந்தத் திட்டத்தையும் விட்டுவிட்டு அதற்குத்தான் வழி தேட வேண்டும். ஆகவே தடுத்து நிறுத்துதல் என்ற பொருள் முதலில் வந்தது. பிறகு கட்டுப்படுத்துதல், அதன்பின் சரிபார்த்தல். செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தி ஆவணங்களைப் பார்க்கும் காவலர் இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் செய்துவிடுகிறார்.

பலகையின் கதை இதைவிடச் சுவையானது. இங்கிலாந்தின் கருவூலத்துக்கு ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர். சதுரங்கப் பலகையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல் அது. 12ஆம் நூற்றாண்டில் அதன் பொருளாளராக இருந்த ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல், சதுரங்கப் பலகை போலிருந்து அந்தப் பெயருக்குக் காரணமான கணக்கு மேசையை அளவோடு எழுதி வைத்திருக்கிறார்: 10 அடி நீளம், 5 அடி அகலம், காய்கள் கீழே விழாதபடி நான்கு விரல் உயர விளிம்பு, மேலே கோடுகள் இட்ட கறுப்புத் துணி. ரோமானிய எண்களை வைத்துக்கொண்டு கூட்டிக் கழிப்பது பெரும்பாடு என்பதால், பென்னி, ஷில்லிங், பவுண்டு என்று ஒவ்வொரு பத்தியிலும் வட்டக் காய்களை வைத்து, ஷெரிஃப் (அரசனுக்காக வட்டாரத்தில் வரி வசூலித்த அதிகாரி) கட்ட வேண்டிய தொகையையும் கட்டிய தொகையையும் எல்லோர் கண்முன்னும் கணக்கிட்டார்கள். பொருளாளரும் ஷெரிஃப்பும் மோதும் சதுரங்கப் போர் என்றே ஃபிட்ஸ்நீல் அதை வர்ணிக்கிறார். கட்டம் போட்ட துணிக்கு ‘செக்’ என்ற பெயரும் அதே பலகையிலிருந்து வந்ததே.

வங்கிச் செக்குக்கு வருகிறேன். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சொல் குறித்தது பணம் பெறும் தாளை அல்ல, மோசடியைத் தடுக்கவும் சரிபார்க்கவும் வைத்துக்கொண்ட அடிக்கட்டையை. பிற்பாடு அது தாளுக்கே பெயராயிற்று; எக்ஸ்செக்கரின் சாயலில் எழுத்துக்கூட்டும் மாறியது. நாங்கள் ஒவ்வொரு காசோலையையும் மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தபிறகே பாஸ் செய்வோம். அதாவது செக்கைச் செக் செய்தோம். அந்த அதிகாரியும் தினமும் அதைத்தான் செய்தார்.

செக் குடியரசை மட்டும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடாதீர்கள். அது அந்த இனத்தாரின் பெயர். ஆங்கிலத்தில் அதன் எழுத்துக்கூட்டு போலிய மொழி வழியே வந்தது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகவே தெரிவதால் இதையும் சொல்லிவைக்கிறேன்.