அக்காவுக்கு மூச்சு வாங்குகிறதே!

கேள்வி: நானும் பக்கத்து வீட்டு அக்காவும் கோவை ரேஸ்கோர்ஸில் ஓடத் தொடங்கியிருக்கிறோம். அவருக்குச் சீக்கிரமே மூச்சு வாங்குகிறது. நான் முன்னே போகலாமா? – ஒரு வாசகி

பதில்: வேண்டாம்மா, அவர் வேகத்திலேயே ஓடுங்கள். பேசிக்கொண்டே ஓட முடியவில்லை என்றால் உங்களுக்கும் அது அதிக வேகம்தான். 1996-ல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் புதியவர்களுக்கு வகுத்த ஒன்பது வாரத் திட்டத்தில், முதல் வாரம் 5 நிமிட வேகநடை, அப்புறம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என மாறி மாறி 20 நிமிடம். வாரத்தில் மூன்றே நாள்! விநாடிக் கணக்கை அக்கா பார்க்கட்டும். நானும் என் தங்கையும் இப்படித்தான் தொடங்கினோம். விடிகாலையில் அவளுடைய மிஸ்டு கால் வராவிட்டால் நான் எழுந்திருக்கவே மாட்டேன். நெஞ்சு வலித்தால் மட்டும் உடனே நிறுத்தி, மருத்துவரைப் பாருங்கள்.