ஸ்னோமொபைல் லிப்ட் வீடியோவைப் பார்த்து நம்ம காப்சாய் மோட்டருக்கு லிப்ட் செய்யலாமா?

பட்டர்வொர்த்ல இருந்து ஒரு தம்பி கேக்குறாரு: "அண்ணே, வீட்டு போர்ச்ல ஒரு ஹோண்டா ஈஎக்ஸ்5, ஒரு யமஹா ஒய்15, ரெண்டு காப்சாய் மோட்டர்சைக்கிள் இருக்கு. சர்வீஸ் எல்லாம் நானேதான். குந்திக்கிட்டே செஞ்சு இடுப்பு போயிருச்சு. யூடியூப்ல ஒரு வெள்ளைக்காரர் பழைய இரும்பும் பாட்டல் ஜாக்கும் (புட்டி மாதிரி நிக்கிற ஆயில் ஜாக்) வெச்சு ஸ்னோமொபைலை, அதாவது பனியில ஓடுற வண்டியை, தூக்குற லிப்ட் செய்றாரு. அதையே மோட்டருக்கு செய்யலாமா? வெல்டிங் ஓரளவு தெரியும்."

செய்யலாம் தம்பி, ஆனா அதையே செய்யாதீங்க. ஸ்னோமொபைல் 200, 300 கிலோ வரும், அதையே தூக்குதே, 100 கிலோ ஈஎக்ஸ்5 எம்மாத்திரம்னு உங்களுக்குத் தோணியிருக்கும். ஆனா ஸ்னோமொபைலோட முன்பக்கத்துல ரெண்டு பக்கமும் அகலமா ஸ்கீ (பனியில வழுக்குற பலகை), அடியில பட்டையா சுத்துற ரப்பர் டிராக், எங்க விட்டாலும் எருமை மாதிரி தானா படுத்துக்கும். பின் பம்பரைப் புடிச்சு மேல தூக்கிட்டா போதும், ஸ்கீ தரையில இருக்கும், டிராக் அந்தரத்துல தொங்கும், அவங்க பாட்டுக்கு அடியில வேலை பார்ப்பாங்க. நம்ம மோட்டர் ரெண்டு சக்கரத்துல நிக்கிற சாமான், தரையிலேயே சாயப் பார்க்கும், இடுப்பு உயரத்துல கேக்கணுமா? தூக்குறதுக்கு எந்த ஜாக்கும் போதும், சாயாம புடிச்சு வைக்கிறதுலதான் உங்க லிப்ட்டோட வேலை இருக்கு.

இன்னொன்னு, காடி ஜாக்கை நேரா இன்ஜினுக்கு அடியில குடுத்துத் தூக்குற பழக்கம் இருந்தா இன்னைக்கே விட்டுருங்க. காப்சாய்க்கு இன்ஜினுக்குக் கீழ பிரேம் கிடையாது, இன்ஜினே மேல இருந்து தொங்குது, அடியில ஜாக் படுறது அலுமினிய கேஸ்ல. அதனால மேசை மாதிரி ஒரு தட்டு செஞ்சு, சக்கரத்தோட ஏத்தி, தட்டைத் தூக்கணும்.

என்னைக் கேட்டா முதல்ல தூக்காத மேசையே செஞ்சு பாருங்கன்னு சொல்வேன். 45 சென்டிமீட்டர் உயரத்துல கெட்டியா ஒரு மேசை, ஏறுறதுக்கு 8 அடி சாய்வுப் பலகை, பிளைவுட் ஷீட் நீளமே 8 அடிதானே. அந்தச் சாய்வுல 100 கிலோ மோட்டரைத் தள்ள 19 கிலோ அளவுக்குத்தான் தம் புடிக்கணும், பின்னால ஒரு ஆள் இருந்தா சுலபமா ஏறிடும். அதே பலகையை வெச்சு 75 சென்டிமீட்டருக்கு ஏத்தப் பார்த்தா 31 கிலோ ஆயிரும், செங்குத்தாவும் இருக்கும், அங்கதான் மோட்டர் பின்னால வழுக்கி ஆளு மேல வரும். 18 மில்லி பிளைவுட் மட்டும் போட்டா நடுவுல தொய்யும், அடியில ரெண்டு 2க்கு 4 இன்ச் கட்டை ஓடணும், நடுவுல ஒரு முட்டு. ஸ்டூல் போட்டு உக்கார்ந்து வேலை செய்றவங்களுக்கு 45 தாராளம்.

இல்லண்ணே, ஏறி இறங்குற லிப்ட்தான் வேணும்னா, நாலு கை வெச்ச லிப்ட்டா செய்ங்க, தரைச் சட்டமும் மேல் தட்டும் எப்பவும் இணையா இருக்கும், நடுவுல நாலு கை ஒன்னா எழும்பும். கத்தரி மாதிரி எக்ஸ் வடிவத்துல செய்றதும் உண்டு, ஆனா அடியில ஸ்குரூவால தள்ளுற கத்தரி லிப்ட்ல கை தரையோட படுத்திருக்கும்போது கொடூரமான விசை கேக்கும். தட்டும் மோட்டரும் சேர்ந்து 150 கிலோன்னா, கை 45 டிகிரியில இருக்கும்போது 150 கிலோ தள்ளினா போதும், அதே கை 10 டிகிரியில இருந்தா 850 கிலோ தள்ளணும், ஸ்குரூ அங்கதான் மரை போகும். நாலு கை லிப்ட்லயும் ஆரம்பத்துல பாரம்தான், அதனால கையை முழுசா படுக்க விடாம 15 டிகிரியிலயாவது நிக்கிற மாதிரி அடியில கட்டை வைங்க.

கை 70 சென்டிமீட்டர்னு வெச்சா, 75 டிகிரி வரைக்கும் எழும்பினா ஏறக்குறைய 68 சென்டிமீட்டர் உயரம் கிடைக்கும். ஆனா தட்டு நேரா மேல போகாது, 50 சென்டிமீட்டர் முன்னால நகர்ந்துதான் போகும், போர்ச் சுவத்துக்கு முன்னால அந்த இடத்தை விட்டு வைங்க. 75-க்கு மேல போகாம ஸ்டாப்பர் வெல்டிங் பண்ணிருங்க, 90-ஐத் தாண்டுச்சுன்னா அந்தப் பக்கமா மடிஞ்சு விழும். இரும்பு 50க்கு 50 மில்லி ஹாலோ (உள்ளே காலியான சதுரக் குழாய்), கனம் 3 மில்லி. அச்சு போல்ட்டு ஹாலோவோட மெல்லிசு சுவத்துல உராயக்கூடாது, ஓட்டை முட்டை மாதிரி ஆயிரும், குறுக்கால ஒரு குழாய் விட்டு வெல்டிங் பண்ணி அதுக்குள்ள 12 மில்லி போல்ட்டை விடுங்க, தலையில 8.8-னு பலத்துக்கான நம்பர் அடிச்சிருக்கிற போல்ட்டா பார்த்து வாங்குங்க.

பாட்டல் ஜாக்கைப் படுக்க வைக்காதீங்க, பல ஜாக்குல காத்து இழுத்து பம்ப் ஏறாது. அதைவிட முக்கியம், ஜாக்கை நம்பி மோட்டரை நிறுத்தாதீங்க, ஆயில் சீல் வழியா மெதுவா இறங்கும். நான் சின்ன வயசுல வேலை கத்துக்கிட்ட ஒரு பெங்கேல்ல (மோட்டர் பட்டறை) ராத்திரி ஒரு யமஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டரை லிப்ட்ல வெச்சு ஷட்டரை சாத்திட்டுப் போயிட்டோம். காலையில பார்த்தா தட்டு ஒரு சாண் இறங்கி அடியில இருந்த டூல் பெட்டியில ஒரு பக்கமா குந்தியிருக்கு, ஸ்ட்ராப் லூசாகி மோட்டர் சுவத்துல சாஞ்சு டேங்க் நசுங்கிக் கிடக்கு, டேங்க் காசு என் சம்பளத்துலதான் போச்சு. அதனால கைக்கு ஓட்டை போட்டு குறுக்குப் பின் சொருகுங்க, மேல வந்ததும் பின்னைப் போட்டு, ஜாக்கை லூசாக்கி பாரத்தைப் பின்னுல உக்கார வைங்க.

முன் சக்கரத்துக்கு கிளாம்ப், ஹேண்டில் தண்டுல இருந்து ரெண்டு பக்கமும் ராச்செட் ஸ்ட்ராப், முன்னால பார்த்தும் வெளியே பார்த்தும் இழுக்கணும், முன் ஃபோர்க் பாதி அமுங்குற வரைக்கும். தட்டு 60 சென்டிமீட்டர் அகலம்னாலும் ஸ்ட்ராப் கொக்கிக்கு மட்டும் ரெண்டு பக்கமும் 20 சென்டிமீட்டர் வெளியே நீட்டி வைங்க, அகலம் கூடுனா சாயுறது குறையும். ஈஎக்ஸ்5 டபுள் ஸ்டாண்ட் கால் பிளைவுட்டைக் குத்தும், அங்க 3 மில்லி தகடு ஒன்னு. வீல் நட்டு, ஸ்பிராக்கெட் நட்டு மாதிரி இறுக்கமானதை எல்லாம் தரையிலேயே இளக்கிட்டு ஏத்துங்க, மேல வெச்சு நீளமான ஸ்பேனரை உதைச்சீங்கன்னா மோட்டரும் சேர்ந்து வரும்.

நம்ம போர்ச் டைல்ஸ் மழைத் தண்ணி ஓட சாய்வா போட்டிருப்பாங்க, வழுக்கவும் செய்யும், அதனால ரோலர் சக்கரம் வேண்டாம், கால் நாலுக்கும் அடியில ரப்பர், இல்லாட்டி டைல்ஸும் விரியும். மட்டம் வெச்சுப் பார்த்து ஒரு பக்கம் தகடு சொருகிக்குங்க.

எல்லாம் முடிஞ்சதும் 50 கிலோ சிமெண்ட் மூட்டை நாலைத் தட்டு மேல, ஒரு ஓரமா, போட்டு மேல ஏத்தி ராத்திரி முழுக்க விடுங்க. காலையில வெல்டிங்கைத் தடவிப் பாருங்க, முடி மாதிரி விரிசல் தெரிஞ்சா அரைச்சு எடுத்துட்டு மறுபடி வெல்டிங் பண்ணுங்க. அப்புறம் ஈஎக்ஸ்5 முதல்ல ஏறட்டும், ஒய்15 கொஞ்சம் பாரம், ரெண்டு மூனு தடவை கை பழகின பிறகு ஏத்திக்கலாம்.