ஆரஞ்சுப் பாம்பும் சாம்பல் பாம்பும் சேர்ந்தால் வெள்ளைக் குட்டி வருமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நாலு வருடமாக ஆரஞ்சு அல்பினோ கார்ன் ஸ்நேக் (விஷமில்லாத வெளிநாட்டு வளர்ப்புப் பாம்பு) ஆண் ஒன்றை வளர்க்கிறேன். தெரிந்த புரோக்கர் ஒருவர் சாம்பல் நிற அனரி பெண்ணை 22,000-க்குத் தருகிறேன் என்கிறார். அது 'அல்பினோ ஹெட்' என்பதால்தான் அந்த விலையாம். ஜோடி போட்டால் பாதிக்குப் பாதி வெள்ளை ஸ்னோ குட்டிகள் வரும், விற்றுப் போட்ட காசை எடுத்துவிடலாம் என்கிறார். தனியாக 6,000 கொடுத்தால் அரசாங்கப் பதிவும் செய்து தருவாராம். வாங்கலாமா?"

வாங்காதீர்கள் தம்பி. அவர் சொல்லும் கணக்கே தப்பு.

ஒவ்வொரு நிறக் குணத்துக்கும் குட்டிக்கு அப்பாவிடமிருந்து ஒரு பங்கு, அம்மாவிடமிருந்து ஒரு பங்கு வரும். அல்பினோ என்பது கறுப்பு நிறமி இல்லாதது, அனரி என்பது சிவப்பு நிறமி இல்லாதது. இரண்டு பங்கும் 'இல்லை' என்று இருந்தால்தான் அந்த நிறம் வெளியே தெரியும்; ஒரு பங்கு மட்டும் அப்படி இருந்தால் உள்ளே ஒளிந்திருக்கும், அதைத்தான் ஹெட் என்கிறார்கள். ஸ்னோ வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. இப்போது உங்கள் ஜோடியைப் பாருங்கள். அந்தப் பெண் நிஜமாகவே அல்பினோ ஹெட் என்றே வைத்துக்கொண்டாலும், உங்கள் ஆண் சிவப்பை ஒவ்வொரு குட்டிக்கும் கொடுத்துவிடும், அதனால் ஏறக்குறையப் பாதி ஆரஞ்சு, பாதி சாதாரணப் பழுப்பு. ஹெட் இல்லையென்றால் அத்தனையும் சாதாரணப் பழுப்புதான். ஸ்னோ ஒன்றுகூட வராது.

இதற்கு ஒரே விதிவிலக்கு உண்டு, அதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் புரோக்கர் அடுத்ததாக இதைத்தான் எடுப்பார். உங்கள் ஆணும் அனரியை உள்ளே ஒளித்து வைத்திருந்தால், அந்தப் பெண்ணும் நிஜ ஹெட்டாக இருந்தால், நாலில் ஒன்று ஸ்னோவாக வரலாம். இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும், ஒன்று மட்டும் இருந்தால் போதாது. அப்போதும் நாலில் ஒன்றுதான், பாதி கிடையாது, அதுவும் சராசரிக் கணக்கு. சரி, உங்கள் ஆணின் அப்பாவோ அம்மாவோ அனரி என்று உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா? இல்லையென்றால் இந்தக் கணக்கை நம்பிப் பணம் போடக் கூடாது. பாம்பை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் ஹெட் கண்ணுக்குத் தெரியாது. தாடைக்கடியில் மஞ்சள் தெரிகிறதே, அதுதான் அடையாளம் என்பார்கள். வளர்ந்த அனரி பலவற்றுக்கும் அங்கே மஞ்சள் படரும், அல்பினோவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. '66 சதவீத ஹெட்' என்று விற்பதும் அப்படித்தான். அது ஹெட்டாக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு என்று மட்டும்தான் அர்த்தம். அந்தப் பெண்ணின் பெற்றோரில் ஒன்று அல்பினோ என்பதற்குப் படமும், முட்டையிட்ட தேதி குறித்த பதிவும் காட்டினால் மட்டும் பேசுங்கள்.

பதிவு விஷயத்துக்கு வருவோம். இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பின் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டியது சைட்டீஸ் (அரிய உயிரின வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களைத்தான். பால் பைதான் என்கிற ஆப்பிரிக்க மலைப்பாம்பு அதில் உண்டு, கார்ன் ஸ்நேக் இல்லை. ஆகவே அந்த 6,000-க்கு அவர் தரப்போவது வெறும் காகிதம். இதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி ஒட்ட யாருக்கும் நேரமில்லை. நான் ஒரு முறை ஓர் அலுவலகத்தில் கேட்கப் போய், மூன்று மேசை மாறி, கடைசியில் "பாம்புன்னா பாம்புதாங்க" என்ற பதிலோடு திரும்பினேன். இந்தக் குழப்பத்தில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: இங்கே பிறந்ததா, இறக்குமதி உரிமத்தோடு வந்ததா, பில் எங்கே? பாங்காக் விமானத்தில் பெட்டிக்குள் வந்த பால் பைதான்களும் கார்ன் ஸ்நேக்குகளும் நம் மீனம்பாக்கத்திலேயே சுங்கத்துறையிடம் பிடிபட்டிருக்கின்றன. பில் இல்லாத பாம்பு எந்த வழியாக வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, அதனுடன் என்ன நோய் வந்தது என்றும் தெரியாது.

அப்புறம் முட்டை. கார்ன் ஸ்நேக் முட்டைக்கு 27 முதல் 29 டிகிரி, சுமார் 60 நாள். வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாம் சூடுபடுத்தச் சொல்வார்கள், இங்கே குளிர வைப்பதுதான் பாடு. போன மே மாதம் வியாசர்பாடியில் ஒரு தம்பி ஷீட் வீட்டில், பீரோ மேல் பிளாஸ்டிக் டப்பாவில் 14 முட்டை வைத்திருந்தான். கூப்பிட்டான், போய்ப் பார்த்தேன். டப்பா மூடியின் உட்புறமெல்லாம் நீர்த்துளி, தெர்மாமீட்டரில் 35. முட்டைகள் குழி விழுந்து மஞ்சளடித்திருந்தன. ஒன்றைப் பிரித்தபோது உள்ளே முழுதாக வளர்ந்த குட்டி, முதுகெலும்பு இரண்டு இடத்தில் வளைந்து, செத்துக் கிடந்தது. இன்றும் அது கண்ணில் நிற்கிறது.

பிழைத்து வந்தாலும் ஒவ்வொரு குட்டிக்கும் தனி டப்பா வேண்டும், ஒன்றை ஒன்று விழுங்கும். முதல் தோல் உரித்த பிறகு ஐந்தாறு நாளுக்கு ஒரு பிங்கி, அதாவது முடி முளைக்காத எலிக்குஞ்சு. சில குட்டிகள் எலியைத் தொடாமல் அடம் பிடிக்கும். சாதாரணப் பழுப்புக் குட்டி ஒன்று மூடி இடுக்கில் நழுவி அடுத்த வீட்டுக்குப் போனால், முதுகில் இருக்கும் திட்டுகளைப் பார்த்ததும் கண்ணாடி விரியன் என்று நினைத்து அங்கேயே அடித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பயம்.

இப்போதைக்கு உங்கள் ஆணை மட்டும் பாருங்கள். மே வருவதற்குள் அதன் கூண்டை ஜன்னல் வெயில் படாத, தரையோடு ஒட்டிய இடத்துக்கு மாற்றுங்கள். பெண் வேண்டும் என்றே தோன்றினால் மூன்று வயதும் 300 கிராமும் தாண்டியதா என்று எடை போட்டுக் கேளுங்கள், பில் வாங்குங்கள், மூன்று மாதம் வேறு அறையில் தனியாக வையுங்கள். அந்தப் புரோக்கரிடம் அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள்.