கொடை, வெடி, பைக்: காதுக்கான கேள்வி பதில்

ஆடியில் தொடங்கும் கோயில் கொடைவிழாச் சத்தம் தீபாவளி வெடியில்தான் ஓயும். காது பரிசோதனை செய்யும் ஆடியாலஜிஸ்ட் என்பதால் எனக்கு வந்த கேள்விகள் இவை.

அக்கா, அம்மன் கொடையில ராத்திரி முழுக்க ஸ்பீக்கர் பெட்டி பக்கத்துல நின்னேன். காலையில காது அடைச்சு 'ஙொய்'னு இருந்துச்சு. மத்தியானம் சரியாயிடுச்சு. பயப்படணுமா?

பயம் வேண்டாம் தம்பி, ஆனால் அலட்சியமும் வேண்டாம். உள்காதில் நத்தைக்கூடு போன்ற எலும்புக்குள் ஒலியை உணரும் சுமார் 15,000 முடிசெல்கள் இருக்கின்றன. பெருஞ்சத்தம் பட்டால் மழையில் சாய்ந்த நாற்றுப்போலத் துவளும். ஓய்வு கிடைத்தால் பல நிமிர்ந்துவிடும். செத்தது மறுபடி முளைக்காது. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கீச்சொலிகள். அதனால் பேச்சு கேட்கும், ஆனால் 'காசு' என்றார்களா 'காது' என்றார்களா என்பது பிடிபடாது. என்னிடம் வருகிற பலர் "மருமகள் வாய்க்குள்ளயே பேசுறா" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

சத்தத்தை டெசிபலில் அளப்போம். 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம். அதற்கு மேல் 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். பெட்டியடியில் அந்த அளவு சாதாரணம். கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் 85ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை தள்ளி நில்லுங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் குறையும், காசே செலவில்லாமல்.

பஞ்சு வெச்சா போதாதா?

போதாது, சத்தம் பஞ்சைத் தாண்டி வந்துவிடும். மெடிக்கலில் ஸ்பாஞ்ச் இயர் பிளக் கேளுங்கள். ஊதுவத்தி மாதிரி மெல்லிசாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதுமடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு 30 விநாடி பிடியுங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சரியாகப் போடவில்லை.

நான் தவில் வாசிக்கிறவன். அதைப் போட்டா நாயனம் கேக்காதேம்மா?

உண்மைதான் ஐயா. ஸ்பாஞ்ச் கீச்சொலிகளை அதிகம் விழுங்கிவிடும். இசைக்கலைஞர்களுக்கென்றே வடிகட்டி வைத்த இயர் பிளக் உண்டு, எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். முதலில் வீட்டுச் சாதகத்தில் போட்டுப் பழகுங்கள். வருடம் ஒருமுறை ஆடியோகிராம் (கேட்கும் திறன் பரிசோதனை) எடுத்துவிடுங்கள். உங்கள் காதும் உங்கள் வாத்தியம்தான்.

எட்டு மாசக் குழந்தையை வாணவேடிக்கைக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

வேண்டாம்மா. 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்பது பட்டாசுக்கு நம் சட்டம் வைத்த உச்சம். குழந்தைக் காதுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சமே 120. போய்த்தான் ஆக வேண்டுமென்றால் குழந்தைகளுக்கான இயர் மஃப் போட்டு, நன்றாகத் தள்ளி நில்லுங்கள். பிளக் கூடாது, வாயில் போட்டுக்கொள்ளும்.

பைக்கில் சென்னையிலிருந்து மதுரை. ஹெல்மெட் இருக்கே?

ஹெல்மெட் தலைக்கு. நெடுஞ்சாலை வேகத்தில் காற்றிரைச்சல் மட்டுமே 90 டெசிபலைத் தாண்டும். உள்ளே பிளக் போடுங்கள், இரைச்சல் அடங்கும், ஹாரன் கேட்கும்.

முந்தாநாள் பக்கத்தில் வெடி வெடித்ததிலிருந்து ஒரு காது கேட்கவில்லை. எண்ணெய் விடலாமா?

வேண்டவே வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் சீழ் பிடிக்கும். தண்ணீரும் படக்கூடாது. இன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். உள்காது அடிபட்டிருந்தால் ஸ்டீராய்டு தருவார்கள், அது முதல் சில நாட்களுக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். எவ்வளவு பக்கத்தில் வெடித்தது, தலைசுற்றல் உண்டா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். பார்த்துவிட்டு வந்து இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.