கவுண்டரில் வரும் படபடப்பு

தம்பி, சம்பள நாளில் வங்கியில் நான் காசாளராக இருக்கும் கவுண்டரின் முன் வரிசை நீண்டதும் நெஞ்சு அடித்து, விரல் விறைத்து, பின்கதவால் வெளியே ஓடிவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், ஈசிஜி, இரத்தப் பரிசோதனை எல்லாம் சரி என்றும் சொல்கிறீர்கள். அப்படியென்றால் இது பெரும்பாலும் பீதித் தாக்கம்தான் (panic attack, திடீரென்று வந்து உடம்பையே ஆட்டும் கடும் பயம்), எனக்கும் இருக்கிறது. விரல் விறைப்பது மூச்சை வேகமாக இழுத்து இழுத்து இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைவதால், ஆகவே "நல்லா மூச்சை இழு" என்று பக்கத்தில் நிற்பவர் சொன்னால் கேட்காதீர்கள். மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள், கை பாட்டுக்குக் காசை எண்ணிக்கொண்டே இருக்கட்டும். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கிவிடும். ஓடினால் அந்த நேரத்துக்குச் சுகம், ஆனால் மூளை கவுண்டரையே ஆபத்தான இடமாகப் பதிந்துகொள்ளும், அடுத்த மாதம் வீட்டில் சட்டை போடும்போதே தொடங்கும்.

வெறும் வயிற்றில் கடும் பிளேன்டீ வேண்டாம்.

அப்புறம், திருகோணமலை ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக்குக்குப் போங்கள். ஊர் சின்னது, யாராவது பார்த்துவிடுவார்கள் என்று யோசிப்பீர்கள். அங்கே காத்திருப்பவரும் அதற்குத்தானே வந்திருக்கிறார்! மருந்து தந்தால் பலன் தெரியச் சில கிழமைகள் ஆகும், நீங்களாக நிறுத்தாதீர்கள். இடையில் தாங்க முடியாவிட்டால் தேசிய மனநல உதவி எண் 1926க்கு அடியுங்கள், இரவிலும் எடுப்பார்கள்.