காவடிக்குப் பின் கால் வீங்கினால் மாத்திரை போதுமா?

மொரீஷியஸில் காவடி எடுத்து, வெறுங்காலில் தார்ச்சாலையில் நடந்த அப்பாவுக்குக் கால் சிவந்து வீங்கியிருக்கிறது, சர்க்கரை நோயும் உண்டு, ஆன்டிபயாடிக் மாத்திரை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சர்க்கரை இருப்பதால் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

சாதாரண செல்லுலைட்டிஸ், அதாவது தோலிலும் அதனடியிலும் வரும் கிருமித்தொற்று, பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா செய்யும் வேலை; மாத்திரைக்கு அடங்கும். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு, நேரத்தையும் எழுதிவையுங்கள். காலை உயர்த்தி வைப்பது வீக்கத்தைக் குறைக்கும். முதல் நாள் சிவப்பு சற்றே கோட்டைத் தாண்டலாம். 48 மணி நேரம் கழித்தும் பரவினால் மருந்து பலிக்கவில்லை.

ஆக்சிஜன் இல்லாமல் வளரும் கிருமிகள் வேறு ரகம். ஆழமான குத்துக்காயத்தில், செத்த சதையில் குடியேறும். மருந்து ரத்தத்தின் வழியாகத்தானே போக வேண்டும்? செத்த சதைக்கு ரத்தமே போகாது. அதனால் பென்சிலின், கிளிண்டாமைசின், மெட்ரோனிடசோல் எதைக் கொடுத்தாலும், அழுகியதை அறுத்து எடுக்காமல் அடங்காது.

அழுகல் நாற்றம், அழுத்தினால் தோலுக்கடியில் நறநறப்பு, ஊதா அல்லது கறுப்புக் கொப்புளம், காயத்துக்குப் பொருந்தாத கடும் வலி: ஒன்று தெரிந்தாலும் அங்குள்ள அவசர மருத்துவ சேவையான சாமு 114-ஐ அழையுங்கள். சர்க்கரையால் நரம்பு மரத்த காலில் வலியே தெரியாமல் போகலாம். வலியில்லை என்பதை நம்பி உட்காராதீர்கள். இந்தக் கிருமிகள் சதைக்குள் உண்டாக்கும் வாயு எக்ஸ்ரேயில் தெரியவில்லை என்பதும் ஆறுதல் இல்லை. தடுப்பூசி நாள்பட்டிருந்தால் டெட்டனஸ் ஊசியையும் கேளுங்கள்.