வலங்கைமான் தொகுதி எங்கே போனது? பழைய பட்டியலில் அப்பா பெயரைத் தேடுவது எப்படி?

கேள்வி: நான் குத்தாலம் பக்கம் பிறந்து வலங்கைமான் வட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வாக்காளர் பட்டியல் திருத்தப் படிவத்தில் 2002ஆம் ஆண்டுப் பட்டியலின் விவரம் கேட்கிறார்கள். அப்போது எனக்கு 16 வயது என்பதால் அப்பாவின் பெயரைக் காட்ட வேண்டியிருக்கிறது. மயிலாடுதுறைத் தொகுதியில் தேடினேன், இல்லை. மாமனார் பெயரை நன்னிலத்தில் தேடினேன், அதுவும் இல்லை. இருவரும் ஒரு தேர்தல்கூட விடாமல் ஓட்டுப் போட்டவர்கள். பெயரை நீக்கிவிட்டார்களா? எங்களுக்கென்று முன்பு இருந்த வலங்கைமான் தொகுதி இனித் திரும்ப வருமா?

பதில்: பதற்றப்படாதீர்கள் அம்மா. நீங்கள் இன்றைய தொகுதியின் பெயரை வைத்து அன்றைய பட்டியலில் தேடியிருக்கிறீர்கள். 2002இல் வலங்கைமான் என்றே ஒரு தொகுதி இருந்தது. குத்தாலமும் தனியே ஒரு தொகுதி. இரண்டுமே 2006 சட்டமன்றத் தேர்தல் வரைக்கும் இருந்து, 2008இல் வந்த மறுவரையறையில், அதாவது தொகுதி எல்லைகளைப் புதிதாக வகுத்தபோது, மறைந்தவை. மாமனார் பெயரை வலங்கைமானிலும் அப்பா பெயரைக் குத்தாலத்திலும் தேடுங்கள்.

2025 நவம்பர் 4 அன்று வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியதிலிருந்து டெல்டாவில் இந்தக் குழப்பத்தைப் பலரிடம் பார்க்கிறேன். தொகுதியின் பெயர் மாறும், எண் மாறும், மாவட்டமும் மாறும். மாறாமல் நிற்பது வருவாய் கிராமத்தின் பெயர்தான். பட்டாவிலும் சிட்டாவிலும் உள்ள அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டால் எந்த ஆண்டின் பட்டியலுக்கும் போய்ச் சேர்ந்துவிடலாம்.

தேடும் விதத்தைச் சொல்கிறேன். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பழைய பட்டியல்கள் இருக்கின்றன. பெரும்பாலான தொகுதிகளுக்கு 2002ஆம் ஆண்டுப் பட்டியல், மற்றவற்றுக்கு 2005ஆம் ஆண்டுப் பட்டியல். திருவாரூர் மாவட்டத்தின் கீழ் வலங்கைமான் கண்ணில் படாவிட்டால் தஞ்சாவூரைத் திறந்து பாருங்கள். குத்தாலத்தை நாகப்பட்டினத்தின் கீழ் தேடுங்கள், ஏனென்றால் மயிலாடுதுறை மாவட்டம் பிறந்ததே 2020இல்தான். தொகுதி கிடைத்ததும் நேராகப் பெயரைத் தேடப் போகாதீர்கள். பட்டியல் வாக்குச்சாவடிவாரியாகப் பாகம் பாகமாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு முதல் பக்கம் உண்டு. வாக்குச்சாவடி எந்தப் பள்ளிக்கூடம், கிராமம் எது, எந்தெந்தத் தெரு அந்தப் பாகத்தில் சேர்ந்தது, வட்டம், காவல் நிலையம், அஞ்சல் குறியீடு எல்லாம் அதில் இருக்கும். உங்கள் தெரு வருகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். பெயரை மட்டும் நம்ப வேண்டாம். கோவிந்தசாமி என்பவர் கோவிந்தஸ்வாமி ஆகியிருப்பார், கதவு எண் பழைய எண்ணாக இருக்கும். தந்தை பெயரும் வயதும் சேர்ந்து பொருந்துகிறதா என்று பாருங்கள்.

வீட்டில் மாமனாரின் பழைய வாக்காளர் அட்டை இருந்தால் எடுத்துப் பாருங்கள். அந்தக் காலத்து அட்டையில் எண் சாய்கோடுகளால் பிரிந்திருக்கும். முதலில் மாநில எழுத்து, பிறகு அன்றைய மக்களவைத் தொகுதி எண், அதற்கடுத்து சட்டமன்றத் தொகுதி எண், கடைசியில் வரிசை எண். மூன்றாவதாக நிற்கும் மூன்று இலக்கம் பழைய வரையறையின் எண். இன்று அதே எண் வேறு ஏதோ ஒரு தொகுதிக்கு உரியது. அட்டையில் உள்ள எண்ணைக் கொண்டு இன்றைய தொகுதியைத் தேடிப் போய் ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய பட்டியலுக்கு மட்டும்தான் அது வழிகாட்டும்.

அப்படியும் கிடைக்கவில்லை என்றால் பக்கத்துத் தொகுதிகளைப் பாருங்கள். இன்றைய வலங்கைமான் வட்டத்து ஊர்கள் எல்லாமே பழைய வலங்கைமான் தொகுதியில் இருந்தன என்று வைத்துக்கொள்ளக் கூடாது. வட்டத்தின் எல்லை வேறு, தொகுதியின் எல்லை வேறு.

இப்போது, தொகுதி ஏன் போனது என்பதற்கு வருகிறேன். பழைய ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டம் முழுவதற்கும் 2006 வரை 20 சட்டமன்றத் தொகுதிகள் இருந்தன. இப்போது 18. வலங்கைமான், குத்தாலம், திருவோணம் மூன்றும் போய், கீழ்வேளூர் ஒன்று புதிதாக வந்தது. மாநிலத்தின் மொத்தம் 1967 தேர்தலிலிருந்தே 234தான். மொத்தம் கூடாது என்கிறபோது, ஜனம் பெருகிய இடத்துக்கு ஒரு தொகுதி போனால் இன்னோர் இடத்தில் ஒன்று குறைந்தாக வேண்டும். சென்னை மாவட்டம் 14இலிருந்து 16 ஆனதும் இதே மறுவரையறையில்தான்.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். அடிப்படை 2001 மக்கள்தொகைக் கணக்கு. தமிழ்நாட்டின் சுமார் 6.24 கோடியை 234ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரி 2.67 லட்சம் பேர். திருவாரூர் மாவட்டத்தில் அப்போது ஏறக்குறைய 11.7 லட்சம் பேர். வகுத்தால் 4.4 வருகிறது, ஆகவே 4 தொகுதி. தஞ்சாவூரின் 22.2 லட்சத்துக்கு 8.3, அதனால் 8. அன்றைய நாகப்பட்டினத்தின் 14.9 லட்சத்துக்கு 5.6, அதனால் 6. திருவாரூரின் நாலும் திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, திருவாரூர், நன்னிலம் என்று நிரம்பிவிட, வலங்கைமானுக்கு இடம் இல்லாமல் போயிற்று.

இதற்கு வித்து 1997இலேயே விழுந்துவிட்டது. அந்த ஆண்டு திருவாரூர் மாவட்டம் உருவானபோது நாகப்பட்டினத்திலிருந்து பல வட்டங்கள் வந்தன, தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து வந்தது வலங்கைமான். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையம் ஒரு சட்டமன்றத் தொகுதியை ஒரே மாவட்டத்துக்குள் அடக்குவது என்ற முறையைக் கடைப்பிடித்தது. மாவட்டக் கோடு மாறிய அன்று தொகுதி அசையவில்லை. 11 ஆண்டு கழித்து, 2008 பிப்ரவரி 19 அன்று புதிய வரையறை நடைமுறைக்கு வந்தபோதுதான் அதன் விளைவு தெரிந்தது.

அந்த ஊர் ஜனங்களின் அலைச்சல் எனக்கு மனசு பொறுக்காத விஷயம். ஜவுளி எடுக்க, ஆஸ்பத்திரி போக, பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க எல்லாவற்றுக்கும் பஸ் ஏறுவது கும்பகோணத்துக்கு. மனுநீதி நாளில் கலெக்டரைப் பார்க்கத் திருவாரூர். எம்.எல்.ஏ. ஓட்டு நன்னிலத்துக்கு. எம்.பி. ஓட்டு நாகப்பட்டினத்துக்கு. கும்பகோணத்துக்காரர்களுக்கும் இப்படித்தான்: கலெக்டர் தஞ்சாவூரில், மக்களவைத் தொகுதி மயிலாடுதுறை. மன்னார்குடி திருவாரூர் மாவட்டம், ஆனால் எம்.பி. ஓட்டு தஞ்சாவூருக்கு. கும்பகோணம் என்றே ஒரு மக்களவைத் தொகுதி முன்பு இருந்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். அதுவும் 1970களின் மறுவரையறையில் போய்விட்டது.

இட ஒதுக்கீடும் அப்போது இடம் மாறியது. வலங்கைமான், நன்னிலம், திருவாரூர், திருத்துறைப்பூண்டி, சீர்காழி ஆகிய 5 தொகுதிகள் தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதிகளாக இருந்தன. 2008க்குப் பின் திருவிடைமருதூர், கீழ்வேளூர், திருத்துறைப்பூண்டி, சீர்காழி என்று 4 ஆயின. கூலி விவசாயிகள் நிறைந்த இந்த மண்ணில் ஒரு தனித் தொகுதி குறைந்ததைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. திருவாரூர் பொதுத் தொகுதி ஆன பிறகுதான் 2011இல் கருணாநிதி அங்கே நின்றார். அவர் பிறந்த திருக்குவளை இன்று நாகப்பட்டினம் மாவட்டம், கீழ்வேளூர்த் தொகுதி.

வலங்கைமான் திரும்ப வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். கலெக்டரிடமோ முதலமைச்சரிடமோ மனுக் கொடுத்து ஆகிற காரியம் அல்ல இது. மாவட்டத்தையும் வட்டத்தையும் மாநில அரசு பிரிக்கலாம், சேர்க்கலாம். தொகுதியின் எல்லை மறுவரையறை ஆணையத்தின் கையில். 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனபோது சீர்காழி, மயிலாடுதுறை, பூம்புகார் தொகுதிகளின் கோடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை என்பதே இதற்குச் சாட்சி. 84ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கு வரும்வரை தொகுதிகளின் எண்ணிக்கையில் கை வைக்கக் கூடாது. அதன்பின் ஆணையம் அமைந்தால் முதலில் வரைவை வெளியிடும், ஆட்சேபணை கேட்கும், பொது அமர்வு நடத்தும். உங்கள் ஊர் பேச வேண்டிய நேரம் அது. இறுதி ஆணை வந்துவிட்டால் அரசியல் சட்டத்தின் 329ஆவது பிரிவு நீதிமன்றக் கதவைப் பெரும்பாலும் அடைத்துவிடுகிறது. ஆகவே கும்பகோணத்தோடு ஊருக்கு உள்ள பஸ் வசதி, ஒரு அலுவலகத்துக்கு எத்தனை கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் கிராமசபைத் தீர்மானமாக எழுதப்பட்டுக் கையில் இருக்கட்டும். போக்குவரத்தும் பொதுமக்கள் வசதியும் கவனிக்கப்பட வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மறுவரையறைச் சட்டமே சொல்கிறது.

இப்போதைக்கு, அப்பா பெயரும் மாமனார் பெயரும் கிடைத்ததும் அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்து நிறுத்திவிடாதீர்கள். பாகத்தின் முதல் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். படிவத்தில் தொகுதிப் பெயர், எண், பாகம் எண், வரிசை எண் நான்கையும் அந்தப் பழைய பட்டியலில் உள்ளபடியே எழுதுங்கள். நன்னிலம் என்று நீங்களாக மாற்றி எழுத வேண்டாம். பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) கேட்டால் அந்த முதல் பக்கத்தைக் காட்டுங்கள், கிராமத்தின் பெயர் அதில் இருக்கும்.